பிரசவத்துக்குப் பின் வயிற்றுத் தசை விலகல்: மலையிலேயே சிகிச்சை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியில் பெண்களுக்கான தையற்கடை நடத்தி வருகிறேன். மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகம், தடுப்பூசி முகாம் என்று தாய்மார்கள் தொடர்பான செய்திகளை உங்கள் நாளிதழில் விடாமல் படிப்பவள். அவற்றில் இதுவரை என் கண்ணில் படாத ஒரு விஷயத்துக்காக இதை எழுதுகிறேன். பிள்ளை பெற்ற பிறகு சில பெண்களுக்கு வயிற்றின் நடுவே தசை விலகியே நின்றுவிடுகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. அதை எங்கள் மலையிலேயே கொடுக்க ஆளும் வழியும் இருக்கிறது. இருந்தும் இங்குள்ள பெண்களுக்கு அது கிடைப்பதில்லை. கடிதம் கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறேன்.

அளவு எடுக்கிற வேலை என்பதால் மற்றவர்கள் கவனிக்காதது என் கையில் தட்டுப்படும். பிரசவமாகி ஒரு வருடம், இரண்டு வருடம் ஆன பெண்கள் வருவார்கள். தோள், கை, கழுத்து எல்லாம் ஒல்லியாகவே இருக்கும். பழைய சுடிதார் மார்பிலும் தோளிலும் சரியாக உட்காரும், வயிற்றில் மட்டும் முட்டும். டேப்பைச் சுற்றும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். "அக்கா, வயித்துப் பக்கம் மட்டும் நல்லா லூசா விடுங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். உடம்பு பெருத்தால் எல்லா இடத்திலும்தானே பெருக்கும்? இது அந்தப் பெருக்கம் இல்லை. என் இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு எனக்கே வந்ததால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

வயிற்றின் முன்பக்கத்தில் நெஞ்செலும்பின் அடியிலிருந்து இடுப்பெலும்பு வரை, வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக இரண்டு பட்டைத் தசைகள் இறங்குகின்றன. நடுவில் இருக்கும் நார்த்திசு அவை இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. கர்ப்பப்பை வளர வளர இந்த நடுப்பகுதி அகன்று கொடுக்கும். அந்த மாதங்களில் சுரக்கும் ஹார்மோன்களும் அதை இளக்கிவிடும். குழந்தைக்கு இடம் வேண்டுமே, அதனால் கடைசி மாதங்களில் ஏறக்குறைய எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கிறது. பிரசவமான பிறகு பலருக்கு மெல்ல மெல்லக் கூடிவிடும், சிலருக்குக் கூடுவதில்லை. சுகப்பிரசவம், சிசேரியன் இரண்டிலும் வரும். டாக்டர்கள் இதை டயாஸ்டாசிஸ் ரெக்டை என்கிறார்கள். துணி கிழியாமல், மூட்டிய இடத்தில் தையல் மட்டும் இழுபட்டு அகன்று நிற்குமே, அது போல. கிழிசல் இல்லாததால் இதையே குடலிறக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் தொப்புளருகே திசு மெலிந்து ஓட்டை விழுந்துவிட்டால் குடலிறக்கமும் கூடவே சேர்ந்துகொள்ளும்.

என் பையன் பிறக்கும்போதே நல்ல எடை. அவன் தவழ ஆரம்பித்த பிறகும் என் வயிறு ஆறு மாதக் கர்ப்பமாகவே தெரிந்தது. ராம்சந்த் ஸ்டாப்பில் பஸ் ஏறினால் காலேஜ் பிள்ளைகள் சட்டென்று எழுந்து இடம் கொடுப்பார்கள். நல்ல மனசோடு கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, உட்கார்ந்தால் மனசுக்கு ஆறவும் ஆறாது. காலையில் படுக்கையிலிருந்து எழும்போது நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை நடுவயிறு நீளமாக மேடு தட்டி எழும்பி, உட்கார்ந்ததும் அடங்கிவிடும். வெட்டு மேஜையில் குனிந்து கத்தரிக்கோல் பிடித்தால் நடுவயிற்றில் பிடிமானமே இல்லாதது போல இருக்கும். பனிக்காலத்து இருமல் வந்தபோது துணி நனைந்துவிடும். இதைப் பத்திரிகைக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாததால்தான் பெண்கள் வருஷக்கணக்கில் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள்.

பிரசவமானதும் என் மாமியார் பழைய காட்டன் சேலையை நாலாக மடித்து என் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டார். அவருக்கு அவருடைய அத்தை கட்டிவிட்டது அப்படித்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் சில வாரங்கள் இடுப்புக்குத் தெம்பாக இருந்தது. பிறகு மருந்துக்கடையில் பெல்ட் வாங்கிக் கட்டச் சொன்னார்கள், அதையும் கட்டினேன். சேலையானாலும் பெல்ட்டானாலும் கட்டியிருக்கும்வரை தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். தசைக்குத் தானாக இறுகும் பலத்தை அது கொடுக்காது. இந்த ஒரு வரியைப் பெல்ட் எழுதிக் கொடுப்பவர்களோ விற்பவர்களோ பெண்களிடம் சொல்வதில்லை.

டாக்டர்களிடம் காட்டாமல் இல்லை. "ரெண்டு பிள்ளை பெத்தா வயிறு அப்படித்தாம்மா இருக்கும்" என்று ஓர் இடத்தில் முடித்துவிட்டார்கள். இன்னோர் இடத்தில் கொழுப்பு என்றார்கள், சோற்றைக் குறைத்துக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். எந்த மருத்துவமனை என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு டாக்டரின் தவறாக இதை நான் பார்க்கவில்லை. புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது ஒரு பெண்ணைப் படுக்க வைத்து, வயிற்றில் விரல் வைத்துப் பார்க்க யாருக்கு நேரம்? அப்படிப் பார்க்க வேண்டும் என்று முறையாக ஓர் ஏற்பாடு இல்லை என்பதுதான் என் வருத்தம்.

குடலிறக்கமாக இருக்குமோ என்ற பயத்தில் கோயம்புத்தூர் போய் ஸ்கேன் எடுத்தோம். ஓட்டை எதுவும் இல்லை, தசை விலகல் மட்டும்தான் என்று ரிப்போர்ட் வந்தது. அங்கே அறுவை சிகிச்சை டாக்டர் பொறுமையாக உட்கார வைத்துப் பேசினார். விலகிய தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைக்கிற அறுவை சிகிச்சை இருக்கிறது, ஆனால் அது எல்லாருக்கும் தேவைப்படாது என்றார். இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருப்பவர்கள் அதை முடித்துவிட்டு வருவதுதான் நல்லது, ஏனென்றால் அடுத்த கர்ப்பத்தில் தைத்த இடம் மறுபடியும் விரிந்துவிடலாம். பிரசவமான உடனே யாரும் இதைச் செய்வதில்லை. உடம்பு தானாகச் சேர எவ்வளவு சேருமோ சேரட்டும் என்று மாதக்கணக்கில் விட்டு, பயிற்சியும் செய்து பார்த்து, அதற்கும் கேட்காமல் தொந்தரவு நீடித்தாலோ குடலிறக்கம் சேர்ந்திருந்தாலோதான் கத்தி எடுப்பார்கள். குடலிறக்கம் இல்லாமல் தசையை மட்டும் தைத்தால் அழகுக்குச் செய்ததாகக் கணக்கு வைத்துக் காப்பீட்டில் பணம் மறுப்பதும் உண்டு. அவர் சொன்ன தொகை எங்கள் குடும்பத்துக்கு எட்டாது. "முதல்ல பிசியோதெரபி பண்ணுங்க, வாரம் ரெண்டு தடவை வந்தா போதும்" என்றார்.

வாரம் இரண்டு தடவை! கோயம்புத்தூரில் குடியிருப்பவருக்கு அது சரி. கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வளைவுகளில் கைக்குழந்தையோடு இறங்கினால் மேட்டுப்பாளையம் சேர்வதற்குள் பிள்ளை வாந்தி எடுத்துத் துவண்டுவிடும். திரும்பி ஏறுவதற்குள் இருட்டிவிடும். மழைக்காலத்தில் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ ரோடே இருக்காது. கடையை மூடினால் அன்றைய வருமானம் போச்சு. கீழ்க்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கமிருந்து கோத்தகிரி வருவதே பாதி நாள் வேலை. கூடலூர், பந்தலூர் பெண்களுக்கு மாவட்டத் தலைநகரைவிடக் கேரளத்து ஊர்கள்தான் கைக்கெட்டும் தூரம். ஒரே தடவை போய் ஊசி போட்டுக்கொண்டோ மாத்திரை வாங்கிக்கொண்டோ திரும்புகிற நோய் என்றால் எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம். பயிற்சி அப்படியில்லை. ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும், சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அப்புறம் அடுத்த படிக்கு ஏற்ற வேண்டும்.

எனக்கு வழி பிறந்தது எங்கள் தெருவிலேயே. பக்கத்து வீட்டுப் பெரியவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி பார்க்கிற பெண் ஒருவர் அவர் கை காலுக்குப் பயிற்சி கொடுக்க அந்த வீட்டுக்கு வருவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் இது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகத்தான் பலருக்குத் தெரியும். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் சேர்த்தி. ஒருநாள் நான் அங்கே ஸ்டூலிலிருந்து எழுந்த விதத்தைப் பார்த்துவிட்டு அவராகவே, "அக்கா, டெலிவரி ஆகி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார்.

உள் அறையில் பாயை விரித்து என்னைப் படுக்க வைத்தார். முழங்காலை மடக்கி, பாதம் இரண்டும் தரையில் பதிய வைக்கச் சொன்னார். டிசம்பர் குளிர், அவர் இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு விரல்களைத் தொப்புளுக்கு மேல் குறுக்காக வைத்தார். "இப்ப தலையையும் தோளையும் மட்டும் லேசா தூக்குங்க, போதும் போதும்." தூக்கியதும் இருபுறமும் தசையின் விளிம்பு அவர் விரலை ஒட்டி எழுந்தது. நடுவில் நாலு விரல் இறங்கியது. தொப்புளிலும் அதற்குக் கீழேயும் அதே மாதிரி பார்த்தார். பிறகு என் விரலை எடுத்து அதே இடத்தில் வைத்து, "நீங்களே பாருங்க" என்றார். என் வயிற்றுக்குள் மெத்தென்று ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. அத்தனை நாளும் கொழுப்பு, கொழுப்பு என்று கேட்டு வந்ததை அன்றைக்குத்தான் என் விரலால் தொட்டுப் பார்த்தேன். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்தபோது வராத அழுகை அங்கே வந்துவிட்டது.

பார்ப்பதற்கு அவ்வளவுதான். மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஒரு பாய் போதும். இரண்டு விரலுக்கு மேல் அகலம் இருந்தால் கவனிக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அகலத்தோடு ஆழத்தையும் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். நடுத்திசு இறுகி விரலைத் தடுக்கிறதா, இல்லை விரல் உள்ளே அமுங்கிக்கொண்டே போகிறதா என்பதில்தான் வயிற்றின் பலம் தெரியுமாம்.

அவர் சொல்லிக் கொடுத்த பயிற்சி பார்க்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். மல்லாந்து படுத்து மூச்சை விலா எலும்பு விரியும்படி இழுக்க வேண்டும். விடும்போது, சிறுநீரை அடக்குகிற மாதிரி கீழ்த் தசையை மேலே இழுத்து, அடிவயிற்றை முதுகெலும்பை நோக்கி மெதுவாக உள்வாங்க வேண்டும். மூச்சைப் பிடித்து நிறுத்தக் கூடாது. அடிவயிற்றில் குறுக்காக ஒரு தசை இடுப்பைச் சுற்றி ஓடுகிறது, அதை எழுப்பத்தான் இது. இது பழகிய பிறகு ஒரு குதிகாலைத் தரையிலேயே தேய்த்து நீட்டி மடக்குவது, பிறகு இடுப்பைத் தூக்குவது, பிறகு நான்கு காலில் நின்று கையும் காலும் நீட்டுவது என்று படிப்படியாக ஏற்றினார். எந்தப் பயிற்சியில் நடுவயிறு மேடு தட்டி எழும்புகிறதோ அது இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் அவர் வைத்த விதி. என் கடைக்கு வரும் ஒரு தங்கை செல்போனில் பார்த்து, வயிறு குறைய வேண்டும் என்று தினமும் தலைக்குப் பின்னால் கை கட்டி எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். தசை விலகியிருக்கும்போது எடுத்த எடுப்பிலேயே அப்படிச் செய்தால் நடுப்பகுதி இன்னும் வெளியே தள்ளும்.

பயிற்சி நேரத்தைவிட மற்ற நேரத்தில் உடம்பை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். படுக்கையிலிருந்து நேராக எழக் கூடாது, ஒருக்களித்துப் படுத்துக் கையை ஊன்றி எழ வேண்டும். பிள்ளையையோ குடத்தையோ தூக்கும்போது முழங்காலை மடக்கி, மூச்சை விட்டபடி தூக்க வேண்டும். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கினால் அந்த அழுத்தம் முழுக்க நடுவயிற்றில்தான் விழும். இருமல் வந்தால் நீளவிடாமல் மருந்து எடுக்க வேண்டும், இருமும்போது கையால் வயிற்றைத் தாங்கிக்கொள்ள வேண்டும். புகையடுப்பும் பனியும் இருக்கிற ஊரில் கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை.

பல மாதம் ஆயிற்று. நாலு விரல் இரண்டுக்குள் வந்தது. வயிறு பழையபடி தட்டையாகவில்லை, தோல் சுருக்கம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இருமினால் துணி நனைவதில்லை. வெட்டு மேஜையில் நாள் முழுக்க நிற்க முடிகிறது. எனக்கு அது போதும்.

அந்தப் பெண் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதவர் என்பதால் அவர் காட்டிய ஓர் ஆய்வையும் இங்கே எழுதுகிறேன். நார்வே நாட்டில் முதல் பிரசவப் பெண்கள் 300 பேரைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பிரசவமாகி ஆறு வாரத்தில் நூற்றுக்கு 60 பேருக்குத் தசை விலகல் இருந்தது. ஆறு மாதத்தில் 45 பேர். ஒரு வருடம் கழித்தும் 33 பேருக்கு இருந்தது. விலகல் இருப்பவர்களுக்கு மற்றவர்களைவிட இடுப்பு வலி அதிகம் என்று அந்த ஆய்வில் தெரியவில்லை. ஆகவே இடுப்பு வலி எல்லாவற்றுக்கும் இதையே காரணம் சொல்லிப் பெண்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால் அதில் இன்னொன்று இருக்கிறது. அடிக்கடி, அதாவது வாரத்துக்கு 20 தடவை அல்லது அதற்கு மேல், கனமான பொருள் தூக்குகிற பெண்களிடம் ஒரு வருடத்துக்குப் பிறகும் விலகல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு.

வாரத்துக்கு 20 தடவை! எங்கள் மலையில் காலை பத்து மணிக்குள் அத்தனை தடவை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் நிறைந்த இலை மூட்டையைச் சரிவில் சுமந்து எடை போடும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மழை பெய்தால் இலை நனைந்து மூட்டை இன்னும் கனக்கும். கேரட் தோட்டத்துப் பெண்கள் மூட்டை கட்டி ஏற்றுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் விறகு, தண்ணீர் விடும் நாளில் வரிசையாகக் குடங்கள், சிலிண்டர் லாரி நிற்கும் ரோட்டிலிருந்து படி இறங்கி வீடு வரை சுமை. 2017 முதல் மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்று சட்டம் சொல்கிறது. பெரிய எஸ்டேட்டில் பதிவில் இருக்கும் தொழிலாளிக்கு அது கிடைக்கும். பத்து சென்ட், அரை ஏக்கர் வைத்திருக்கிற சிறு விவசாயியிடம் தினக்கூலிக்கு இலை பறிக்கிற பெண்ணுக்கு யார் விடுப்பு கொடுப்பது? பிள்ளை மூன்று மாதமானதும் தொட்டிலைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கத்தரி எடுத்துக்கொண்டு அவள் தோட்டத்துக்குப் போய்விடுகிறாள். அவளிடம் எடை தூக்காதே என்று சொன்னால் அது வெறும் பேச்சு. எப்படித் தூக்க வேண்டும் என்று ஒருவர் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுத்தால் அது உதவி.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். பச்சிளங்குழந்தையை வீட்டுக்கே போய்ப் பார்க்க 3, 7, 14, 21, 28, 42-ம் நாள் என்று நாடு முழுக்க ஓர் அட்டவணை இருக்கிறது. நல்ல ஏற்பாடு. பிள்ளையின் எடை, தொப்புள் கொடி, பால் குடிப்பது எல்லாம் பார்க்கிறார்கள். அந்த 42-ம் நாளில் தாயையும் பாயில் படுக்க வைத்து இரண்டு நிமிடம் வயிற்றைப் பார்க்கட்டும். விலகல் இருந்தால் தாய் சேய் அட்டையில் எத்தனை விரல் என்று ஒரு வரி எழுதட்டும். அந்த நேரத்தில் பாதிப் பேருக்கு மேல் இருக்கத்தான் செய்யும் என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. மூச்சுப் பயிற்சியையும் எழும் முறையையும் சொல்லிக் கொடுத்தால் அன்றைக்குப் போதும்.

யாருக்குக் கூடவில்லை என்று தெரிந்துகொள்ளத் தனியாக முகாம் போட வேண்டியதே இல்லை. தடுப்பூசிக்குத் தாய் எப்படியும் வருகிறாள். 6, 10, 14-ம் வாரங்களில் வருகிறாள், அப்புறம் 9-ம் மாதத்தில் தட்டம்மை ஊசிக்கு வருகிறாள். புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பார்த்தால் அந்தப் பகுதித் தாய்மார்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். ஊசி போட்ட பிள்ளைக்கு ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போகிறதா என்று அரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள் அல்லவா, அந்த அரை மணி நேரம் சும்மா போகிறது. 9-ம் மாத ஊசியன்று அட்டையில் எழுதிய பழைய அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் யாருக்குச் சிகிச்சை வேண்டும் என்று தெரிந்துவிடும். வட்டார அளவில் வீடு வீடாகப் போகிற பிசியோதெரபிஸ்ட் மாதத்தில் ஒரு புதன்கிழமையை இந்தத் தாய்மார்களுக்கு ஒதுக்கினால் கோயம்புத்தூர் போக வழியில்லாத பெண்ணுக்கு சிகிச்சை அவள் ஊரிலேயே கிடைத்துவிடும்.

ஏற்கெனவே படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கவே அவர்களுக்கு நாள் போதவில்லை என்பது எனக்கும் தெரியும். என் பக்கத்து வீட்டுப் பெரியவரின் நேரத்தைப் பிடுங்கி எங்களுக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மலை வட்டாரங்களில் ஓர் ஆளைக் கூடுதலாகப் போடுங்கள், அதுவும் பெண்ணாக இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். ஆண் பிசியோதெரபிஸ்ட் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எங்கள் பெண்கள் வயிற்றைக் காட்டிப் படுக்க மாட்டார்கள், சிறுநீர் சொட்டுவதைச் சொல்லவே மாட்டார்கள். இருளர், குறும்பர் குடியிருப்புகளுக்குப் போகிற நடமாடும் மருத்துவக் குழுவுக்கும் இந்தப் பரிசோதனையைப் பழக்கிக் கொடுக்கலாம். எஸ்டேட் மருத்துவமனைகளிலும் இதைத் தொடங்க வேண்டும். தோட்டத் தொழிலாளியின் மருத்துவ வசதி நிர்வாகத்தின் கடமை என்று 1951-ம் ஆண்டுச் சட்டத்திலேயே வந்துவிட்டது. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்புகிற பெண்ணை இலை மூட்டை தூக்கவிடும் முன் ஒரு தடவை பார்த்து அனுப்புவது பெரிய செலவில்லை. ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தபோது இந்த மாவட்டமே சந்தோஷப்பட்டது, நானும்தான். குடலிறக்கம் சேர்ந்தவர்களுக்கும், பயிற்சியால் கேட்காதவர்களுக்கும் கீழே இறங்காமல் அங்கேயே அறுவை சிகிச்சை நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரசவமான பெண்ணின் வயிற்றைப் பார்த்து, "இன்னும் குறையலையே" என்று சொல்லாதீர்கள். சோற்றைக் குறைக்கச் சொல்லாதீர்கள், பால் கொடுக்கிறவள் அவள். சிலிண்டரையும் தண்ணீர்க் குடத்தையும் அந்த ஒரு வருடம் ஆண்கள் தூக்கட்டும். என் கணவர் அதைச் செய்தார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை, செய்திருந்தாலும் அவர் தூக்கியிருப்பார்.

பெண்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். தசை விலகலால் மட்டும் உயிருக்கு ஆபத்து வராது, அவசரப்படவும் வேண்டாம். பிள்ளை பெற்று ஐந்து வருடம், பத்து வருடம் ஆகியிருந்தாலும் பயிற்சியால் தசைக்குப் பலம் ஏறும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சொல்கிறார், அதனால் காலம் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். ஆனால் தொப்புளிலோ அதன் பக்கத்திலோ உருண்டையாக ஒரு கட்டி எழும்பி, படுத்தாலும் உள்ளே போகாமல் கெட்டியாக நின்று வலித்தாலோ, நிறம் மாறினாலோ, கூடவே வாந்தி வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குடல் சிக்கிக்கொண்டிருக்கலாம். நடு ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட வேண்டிய சமயம் அது.

என் கடையில் அளவெடுக்கும் திரைக்குப் பின்னால் அந்தப் பரிசோதனையையும் எழும் முறையையும் படமாக வரைந்து ஒட்டியிருக்கிறேன். அதை வரைந்து கொடுத்தவர் அதே பிசியோதெரபிஸ்ட்தான். படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கும் இப்படித்தான் இருக்கு" என்று சொல்கிற பெண்களை இன்றைக்கு நான் அனுப்பி வைக்க ஓர் இடம் இல்லை. அவர் எங்கள் தெருவுக்கு வரும் நாளைச் சொல்லி, அன்றைக்கு வரச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவரும் முகம் சுளிக்காமல் தன் வேலை முடிந்த பிறகு பார்த்துவிட்டுத்தான் போகிறார். எத்தனை நாள் ஒரு தனி ஆளின் நல்ல மனசிலேயே இது ஓடும்?

மருத்துவத் துறை அதிகாரிகள் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள். நீலகிரியில் ஒரே ஒரு வட்டாரத்திலாவது சோதனையாக இதைத் தொடங்கலாம். கோத்தகிரி வட்டாரமாக இருந்தால் எங்கள் தெருப் பெண்கள் முதல் ஆளாக வந்து நிற்போம். அதுவரை, உங்கள் மகளிர் பக்கத்தில் ஒரு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கொண்டு இதைப் படத்தோடு எழுதி வெளியிட வேண்டுகிறேன். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே படிக்கிற அளவுக்கு எழுத்து பெரிதாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தையற்கடை நடத்தும் வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.